இடியில் போன கார்டின் எண்ணைப் புதிய கார்டுக்குக் கொடுப்பது குற்றமா?

ஆம்பூர்ப் பக்கம் ஷூவின் மேற்பகுதி (அப்பர்) தைக்கும் ஒரு நிறுவனத்தில் கணக்குப் பார்ப்பவர் ஒருவர் கேட்டிருக்கிறார். கோடை மழையில் இறங்கிய இடியில் அலுவலகக் கணினியின் நெட்வொர்க் கார்டு போய்விட்டது. பழுதுபார்க்க வந்தவர் புதிய கார்டு போட்டு, பழைய கார்டின் மேக் முகவரியை, அதாவது வலையமைப்பில் அந்தக் கார்டைக் காட்டும் எண்ணை, அதற்குக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். உடனே இணையம் வந்தது. தோல் வெட்டும் இயந்திரத்துக்கு வடிவங்களை அனுப்பும் மென்பொருளும் மறுபேச்சில்லாமல் திறந்தது. பொறியியல் படிக்கும் முதலாளியின் மகன் இதைக் கேள்விப்பட்டு, "இது ஸ்பூஃபிங், அதாவது ஆள்மாறாட்டம், ஹேக்கர்கள் செய்யும் வேலை, போலீஸ் வழக்காகும்" என்று சொல்லிவிட்டாராம். "இந்த எண்ணை மாற்ற நியாயமான காரணம் என்று ஏதாவது உண்டா? மாற்றியது நிலைக்குமா?" என்பது கேள்வி.

எண்ணை மாற்ற முடியுமா என்று அவர் கேட்கவில்லை. அதுதான் மாற்றியாகிவிட்டதே. இது ஒழுங்கான மனிதர்கள் செய்கிற காரியமா, நாளைக்கு யாராவது வந்து கேட்டால் பழி கணக்கு எழுதுகிறவர் தலையில் விழுமா என்பதுதான் அவருடைய கவலை என்று எடுத்துக்கொள்கிறேன். இணையத்தைப் பொறுத்தவரை அவர் நிம்மதியாக இருக்கலாம். மென்பொருளைப் பொறுத்தவரை ஒரு கடிதம் எழுத வேண்டியிருக்கிறது. காரணங்களைச் சொல்கிறேன். வேலூர், ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி என்று பாலாற்றங்கரை ஊர்களில் கேபிள் இழுத்து, சுவிட்ச் மாட்டி, பழுது பார்த்தே வயதானவன் நான். சட்டம் படித்தவனல்ல, அந்தப் பகுதி வரும்போது எங்கே நிறுத்திக்கொள்கிறேன் என்பதையும் கவனியுங்கள்.

மேக் முகவரி என்பது 48 பிட் எண். பதினாறடிமான முறையில் (0 முதல் 9 வரை, பிறகு ஏ முதல் எஃப் வரை), இரண்டிரண்டு இலக்கமாக ஆறு ஜோடியாக எழுதுவார்கள். முதல் மூன்று ஜோடியை ஐஇஇஇ என்ற பொறியாளர் அமைப்பு தயாரிப்பாளருக்கு ஒதுக்குகிறது. மீதி மூன்று ஜோடியைத் தயாரிப்பாளர் தன் கார்டுகளுக்குப் பங்கிட்டுக்கொள்கிறார். ஓர் ஒதுக்கீட்டில் 1,67,77,216 எண்கள் கிடைக்கும். அந்த எண் தொழிற்சாலையிலேயே கார்டிலுள்ள ஒரு சிறிய சிப்பில் எழுதப்பட்டுவிடும். கணினி கிளம்பும்போது கார்டை இயக்கும் மென்பொருளான டிரைவர் சிப்பைப் படித்து, எண்ணைக் கார்டின் வேலை செய்யும் பகுதியில் வைக்கிறது. அதன்பின் அனுப்புகிற ஒவ்வொரு பொட்டலத்திலும் அனுப்புநர் இடத்தில் நிற்பது அந்த எண். அந்த எண்ணைத் தேடி வருவதையும் பலருக்கும் பொதுவாக வருவதையும்தான் கார்டு வழக்கமாக உள்ளே விடும். மாற்றுவது என்று நாம் சொல்வதெல்லாம், "சிப்பில் இருப்பதை விட்டுவிட்டு இந்த எண்ணை வைத்துக்கொள்" என்று டிரைவரிடம் சொல்வது மட்டுமே. சிப்பில் எழுதியது அப்படியே இருக்கும். சிப்பையே திருத்தி எழுதும் கருவிகளும் உண்டு. பாதியில் மின்சாரம் போனால் கார்டையே கணினி கண்டுகொள்ளாமல் போகலாம், ஆகவே நான் அந்தப் பக்கம் போவதில்லை.

இந்த எண் உங்கள் அலுவலகத்து ரூட்டரைத் தாண்டிப் போவதில்லை. வங்கியின் இணையதளமோ ஜி.எஸ்.டி. தளமோ அதைப் பார்ப்பதில்லை. இணையத்தில் கணினிக்குத் தரப்படும் முகவரியை ஐ.பி. என்பார்கள்; அதன் ஆறாம் பதிப்பின் பழைய அமைப்புகளில் மட்டும் மேக் எண்ணை ஐ.பி. முகவரிக்குள்ளேயே செருகும் வழக்கம் இருந்தது. அது அந்தரங்கத்துக்குக் கேடு என்று பிற்பாடு மாற்று ஏற்பாடு செய்தார்கள். மற்றபடி, சி.எம்.சி. மருத்துவமனையைச் சுற்றியுள்ள லாட்ஜ்களில் அறைக் கதவின்மேல் எழுதிய எண்ணைப் போன்றது இது. சாப்பாடு சரியான கதவுக்குப் போய்ச் சேர அந்த எண் வேண்டும். உள்ளே படுத்திருப்பவர் யார் என்பதற்கு அது சாட்சியாகாது. முதலாளியின் மகன் இதை ஆதார் எண்ணைப் போல நினைத்துக்கொண்டிருக்கிறார். கல்லூரிப் பாடத்தில் "உலகில் ஒவ்வொரு கார்டுக்கும் ஒரே எண், அது மாறாது" என்று ஒரு வரியில் சொல்லிக் கடந்துவிடுவதால் வரும் வினை இது.

மாறாது என்பதை, நாம் கம்பியில் பயன்படுத்தும் வலையமைப்பு முறையான ஈதர்நெட்டைப் பெற்றெடுத்தவர்களே கடைப்பிடிக்கவில்லை. ஜெராக்ஸ் ஆய்வகத்தில் 1973 தொடங்கி உருவான சோதனை ஈதர்நெட்டில் முகவரி வெறும் 8 பிட்தான். 1980இல் டிஜிட்டல், இன்டெல், ஜெராக்ஸ் ஆகிய மூன்று நிறுவனங்கள் சேர்ந்து வரையறையை வெளியிட்டபோது 48 பிட் வந்தது. ஏன் இவ்வளவு நீளம் வேண்டும் என்று 1981இல் விளக்கி எழுதிய இருவரில் ஒருவர் மும்பை ஐ.ஐ.டி.யில் படித்த யோகன் தலால். அந்த மூன்று நிறுவனங்களில் ஒன்றான டிஜிட்டல், தன்னுடைய டெக்நெட் நான்காம் கட்ட வலையமைப்பில் என்ன செய்தது தெரியுமா? கணினி வலையில் சேரும்போது கார்டின் சொந்த எண்ணைத் தள்ளிவிட்டு, ஏஏ-00-04-00 என்று தொடங்கி, கணினியின் டெக்நெட் எண்ணில் முடியும் ஒரு முகவரியைத் தானே வைத்துக்கொள்ளும். எந்தக் கணினிக்கு எந்த மேக் எண் என்று அட்டவணை வைத்துத் தேட வேண்டியதில்லை, டெக்நெட் எண்ணிலிருந்தே கணக்குப் போட்டுவிடலாம் என்பது அவர்கள் யோசனை. நான் தொழில் பழகியது ராணிப்பேட்டைப் பக்கம் ஒரு தொழிற்சாலையின் கணினி அறையில். அங்கே ஓடிய டிஜிட்டல் கணினிகள் எல்லாம் இப்படி எண் மாற்றிக்கொண்டவையே. அங்கே அதை ஹேக்கிங் என்று யாரும் சொன்னதில்லை, கையேட்டில் போட்டிருந்தது. ஐபிஎம்மின் டோக்கன் ரிங் என்ற வேறு வகை வலைகளில் 40-00 என்று தொடங்கும் எண்களை நிர்வாகிகளே வைப்பது வெகு சாதாரணம். சன் நிறுவனத்தின் பழைய கணினிகளில் மேக் எண் கார்டில் இல்லை, தாய்ப்பலகையில் பேட்டரியோடு கூடிய ஒரு சிப்பில் இருந்தது. பேட்டரி செத்தால் எண்ணும் போய்விடும். ஆள் உட்கார்ந்து தட்டச்சு செய்துதான் திரும்ப ஏற்ற வேண்டும்.

இவற்றைவிட வலுவான சாட்சி அந்த எண்ணுக்குள்ளேயே இருக்கிறது. முதல் ஜோடியின் கடைசி இரண்டு பிட்களுக்குத் தனி வேலை. ஒன்று, இது ஒருவருக்குப் போவதா பலருக்குப் போவதா என்று சொல்லும். மற்றொன்று, இந்த எண் உலகப் பொதுவான ஒதுக்கீட்டிலிருந்து வந்ததா, இந்த இடத்து நிர்வாகி வைத்ததா என்று சொல்லும். நடைமுறையில், ஒரு கார்டின் எண்ணில் இரண்டாவது இலக்கம் 2, 6, ஏ, ஈ என்ற நான்கில் ஒன்றாக இருந்தால் அது பொதுவாக உள்ளூர் நிர்வாகி வைத்த எண். ஐஇஇஇ தன் தரத்தில் இதற்கென்றே ஒரு பிட்டை ஒதுக்கி வைத்திருக்கிறது. மாற்றுவது தவறு என்று நினைத்தவர்கள் மாற்றியவருக்காக இடம் விட்டு வைப்பார்களா? கடையில் வாங்கும் எந்த வீட்டு ரூட்டரையும் திறந்து பாருங்கள். பெரும்பாலானவற்றின் அமைப்புப் பக்கத்தில் 'மேக் குளோன்' என்று ஒரு பொத்தான் இருக்கும். தயாரிப்பாளரே தருவது அது.

அந்தப் பொத்தான் இருப்பதற்கும் உங்கள் இடிக்கும் நேரடித் தொடர்பு உண்டு. வீட்டுக்கு வீடு இணையம் தரும் பல உள்ளூர் நிறுவனங்கள், முதல் நாள் இணைத்த கருவியின் மேக் எண்ணைப் பதிவு செய்து, அந்த எண்ணுக்கு மட்டும் இணைப்பை விடுவார்கள். கருவி மாறினால் தொலைபேசியில் கூப்பிட்டுப் பூட்டை அவிழ்க்கச் சொல்ல வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மாலை இடி விழுந்தால், திங்கட்கிழமை பதினொரு மணி வரை அந்தத் தொலைபேசியை எடுக்க ஆள் இருக்காது. வேலூர் வட்டாரத்தில் சித்திரை, வைகாசியில் பகல் வெயில் 40 டிகிரியைத் தாண்டுவதும் மாலையில் மேகம் திரண்டு இடி இறங்குவதும் ஆண்டுதோறும் நடப்பது. ஒரு கொட்டகையிலிருந்து இன்னொரு கொட்டகைக்குச் செப்புக் கம்பியை வெளியே இழுத்திருந்தால் இரு முனையிலும் கேபிள் செருகும் போர்ட்டுகள் சாகும். (கேட்டவருக்கு இடையில் ஒரு வார்த்தை: உங்கள் ஆலையிலும் கட்டடத்துக்குக் கட்டடம் செப்புக் கம்பிதான் ஓடுகிறது என்றால், அடுத்த கோடைக்குள் அதை ஃபைபராக மாற்றிவிடுங்கள். மேக் எண்ணைவிட இது முக்கியம்.) செத்த கார்டின் எண்ணைப் புதிய கார்டுக்குக் கொடுத்தால் இணைப்புத் தருபவர் எதிர்பார்க்கும் எண் அப்படியே கிடைக்கிறது. பணம் கட்டியவர் நீங்கள், இணைப்பு உங்களுடையது, எண்ணும் உங்களிடம் இருந்த கார்டின் எண். இங்கே ஏமாந்தவர் என்று ஒருவரைக் காட்டச் சொன்னால் யாரையும் காட்ட முடியாது.

இன்னொரு காரணம் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. ஆனால் எங்கள் தொழிலில் ஆளைப் பைத்தியமாக்குவது அதுதான். மலிவான கருவிகள் சில நேரம் ஒரே எண்ணோடு வந்துவிடும். தயாரிப்பாளர் எண்ணைத் தனித்தனியாக எழுதும் சிரத்தை எடுக்காமல், சிப்போடு வந்த மாதிரி எண்ணையே எல்லாவற்றிலும் விட்டுவிடுவார். உலகத்தின் இரு மூலைகளுக்கு அவை போனால் பிரச்சினையே இல்லை. ரூட்டரைத் தாண்டாத எண்தானே. ஒரே பெட்டியிலிருந்து இரண்டை எடுத்து, கருவிகளின் கேபிள்களை ஒன்றாக இணைக்கும் ஒரே சுவிட்சில் மாட்டினால்தான் வம்பு. வாணியம்பாடிப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் விரல்ரேகை வருகைப்பதிவுக் கருவிகளை இப்படி மாட்டியிருந்தார்கள். காலை ஷிப்டில் நுழையும் பெண்களில் பலருடைய வருகை சர்வருக்கு வந்து சேரவில்லை. விரலைச் சரியாக வைக்கவில்லை என்று அவர்கள்மேல் பழி. ஒரு வாசலில் கருவி நன்றாக வேலை செய்யும்போது மற்ற வாசலில் ஊமையாகிவிடும். கொஞ்ச நேரத்தில் இது ஊமை, அது பேசும். கேபிளை மாற்றினார்கள், சுவிட்சை மாற்றினார்கள், மின்சாரத்தைக் குறை சொன்னார்கள்.

சுவிட்ச் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் புதிர் அவிழ்ந்துவிடும். எந்த எண்ணிலிருந்து கடைசியாக எந்தப் போர்ட்டில் பேச்சு வந்தது என்று அது ஓர் அட்டவணை வைத்திருக்கும். பல சுவிட்சுகளில் ஒரு வரி 300 விநாடி வரை நிற்கும். அதற்குள் அதே எண் வேறு போர்ட்டில் பேசினால் வரி உடனே மாறிவிடும். ஒரே எண்ணோடு இருவர் இருந்தால், கடைசியில் பேசியவர் பக்கம் எல்லாம் போகும். மற்றவருக்கு வர வேண்டியதும் இவர் வாசலுக்கே வரும். நிர்வாக வசதியுள்ள சுவிட்சாக இருந்தால் அந்த எண் இரு போர்ட்டுகளுக்கு இடையே தாவுவதை அதன் பதிவிலேயே பார்க்கலாம். சாதாரணச் சுவிட்ச் என்றால், ஒரு கணினியிலிருந்து இரண்டு கருவிகளையும் தொடர்புகொண்டுவிட்டு எந்த ஐ.பி.க்கு எந்த மேக் எண் என்று கணினி குறித்து வைக்கும் ஏ.ஆர்.பி. அட்டவணையைத் திறந்து பாருங்கள். இரண்டு ஐ.பி. முகவரிகளுக்கு நேரே ஒரே மேக் எண் நின்றால் சந்தேகப்படலாம். சந்தேகப்படலாம் என்றுதான் சொல்கிறேன், ஏனென்றால் ஒரே கருவி இரண்டு ஐ.பி. வைத்திருந்தாலும் இப்படித்தான் தெரியும். ஒன்றைக் கழற்றிவிட்டு மறுபடி பார்த்தால் உறுதியாகிவிடும். அந்தத் தொழிற்சாலையில் ஒரு கருவியின் அமைப்பில் எண்ணை மாற்ற இடம் இருந்தது. 02 என்று தொடங்கும் ஓர் எண்ணை வைத்துவிட்டு, விடுபட்ட நாள்களின் வருகையைக் கருவியின் உள் நினைவகத்திலிருந்து எடுத்து, அதற்கான கூலியைக் கொடுக்கச் சொன்னேன். எண்ணை மாற்றாமல் விட்டிருந்தால்தான் அங்கே அநியாயம் நடந்திருக்கும்.

ஒரு கணினிக்குள் மென்பொருளாகவே ஓடும் மெய்நிகர்க் கணினிகளிலும் இதே கதைதான். அங்கே கார்டே கிடையாது. எண்ணை மென்பொருள்தான் உண்டாக்குகிறது. விஎம்வேர் என்றால் 00:50:56 அல்லது 00:0C:29, வர்ச்சுவல்பாக்ஸ் என்றால் 08:00:27, லினக்ஸில் ஓடும் கியூஎமு என்றால் 52:54:00 என்று தொடங்கும். ஒரு மெய்நிகர்க் கணினியின் கோப்பை வேறிடத்தில் வைத்துத் திறக்கும்போது, "இதை நகர்த்தினீர்களா, நகலெடுத்தீர்களா?" என்று விஎம்வேர் கேட்பது பலருக்கு நினைவிருக்கும். நகல் என்றால் புதிய எண் போட வேண்டும், இல்லாவிட்டால் வாணியம்பாடி நிலைமைதான். நகர்த்தியது என்றால் பழைய எண்ணே தொடரலாம்.

சில இடங்களில் ஒரே எண்ணைப் பலர் பகிர்ந்துகொள்வதே வடிவமைப்பு. மருத்துவமனை, வங்கி போன்ற இடங்களில் ரூட்டர் ஒன்று விழுந்தால் இன்னொன்று அடுத்த நொடி எடுத்துக்கொள்ளும்படி ஜோடியாக வைப்பார்கள். இரண்டுக்கும் பொதுவாக ஒரு மெய்நிகர் மேக் எண் உண்டு. பொறுப்பில் இருப்பது எதுவோ அது அந்த எண்ணோடு பேசும். கணினிகளுக்கு ரூட்டர் மாறியதே தெரியாது. சர்வர்களில் இரண்டு கார்டுகளைச் சேர்த்து ஒன்றாகக் கட்டும்போதும் லினக்ஸ் வழக்கமாக இரண்டுக்கும் ஒரே எண்ணைத்தான் போடுகிறது. மெல்லிய மடிக்கணினிகளில் கேபிள் செருகும் இடமே இருப்பதில்லை, டாக் என்ற இணைப்புப் பெட்டி வழியாகத்தான் இணைக்க வேண்டும். டாக்கின் எண்ணுக்குப் பதில் மடிக்கணினியின் எண்ணே வெளியே தெரியும்படி செய்யும் வசதியை டெல் போன்றவர்களே தருகிறார்கள். இல்லாவிட்டால் பத்துப் பேர் மாறி மாறிச் செருகும் ஒரு டாக், நிர்வாகியின் கண்ணுக்கு ஒரே ஆளாகத் தெரியும்.

உலகில் இந்த எண்ணை மிக அதிகமாக மாற்றிக்கொண்டிருப்பவர்கள் யார் என்று கேட்டால், ஹேக்கர்கள் அல்ல. முதலாளியின் மகனுடைய சட்டைப்பையில் இருக்கும் கைபேசியே அதைச் செய்துகொண்டிருக்கும். வைஃபை தேடும் கைபேசி சுற்றிலும் கூவிக்கொண்டே போகும். ஒரே எண்ணோடு கூவினால், வழியில் காது வைத்திருப்பவர்கள் ஓர் ஆள் எங்கிருந்து எங்கே போனார் என்று கோத்துவிடலாம். 2013இல் லண்டன் நகர மையத்தில் விளம்பரத் திரை பொருத்திய குப்பைத் தொட்டிகள் வழிப்போக்கர்களின் கைபேசிகளுடைய மேக் எண்களை இப்படிச் சேகரித்தது வெளியே வந்து, நகர நிர்வாகம் நிறுத்தச் சொன்னது. 2014இல் ஆப்பிள் தன் ஐஓஎஸ் 8இல், தேடும்போது போலி எண்களைப் பயன்படுத்தத் தொடங்கியது. 2019இல் வந்த ஆண்ட்ராய்டு 10, 2020இல் வந்த ஐஓஎஸ் 14 ஆகியவை இணைந்த பின்னும் ஒவ்வொரு வைஃபைக்கும் தனித்தனி எண் வைப்பதை இயல்பான அமைப்பாக்கிவிட்டன. வேலூருக்கு இதன் அருமை மற்ற ஊர்களைவிட அதிகம் என்பேன். வங்காளத்திலிருந்தும் அசாமிலிருந்தும் சிகிச்சைக்கு வந்து, லாட்ஜில் வாரக்கணக்கில் தங்குகிறவர்களின் ஊர் இது. ஒருவருடைய கைபேசி எந்தப் பரிசோதனைக்கூடத்துக்குப் பக்கத்தில் எத்தனை முறை தென்பட்டது என்பதிலிருந்து அவருடைய நோயையே ஊகித்துவிடலாம். இதனால் எங்களுக்குத் தொல்லையும் உண்டு. 'இந்தக் கைபேசிக்கு இந்த ஐ.பி.', 'பையனின் டேப்லெட்டுக்கு இரவு பத்துக்கு மேல் தடை' என்று மேக் எண்ணை நம்பிப் போட்ட அமைப்புகளை அது குழப்பிவிடும். அதற்காக நோயாளியைக் குறை சொல்ல மாட்டேன்.

பரிசோதனைக்காக மாற்றுவதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சுவிட்சின் பாதுகாப்பு அமைப்பு உண்மையில் தடுக்கிறதா என்று பார்க்க, உரிமையாளரின் எழுத்துமூல அனுமதியோடு எண்ணை மாற்றிப் பார்ப்பது அந்தத் தொழிலின் அன்றாட வேலை. கல்லூரி ஆய்வகத்தில் மாணவர்களுக்குச் செய்து காட்டுவதும் அப்படியே.

இனி மறுபக்கம். காட்பாடி, பாகாயம் பக்கத்து விடுதிகளில் மாணவர்கள் செய்வது எனக்குத் தெரியாததல்ல. தன் பங்கு டேட்டா தீர்ந்ததும் அடுத்த அறைக்காரனின் எண்ணைப் போட்டுக்கொள்வது, ஒழுங்கு நடவடிக்கையில் தடை செய்யப்பட்டதும் புதிய எண்ணோடு நுழைவது, பணம் கட்டியவருடைய எண்ணில் ஏறிப் பயணம் செய்வது. வைஃபையில் கடவுச்சொல் இருந்தாலும் மேக் எண்கள் மறையாக்கம் இல்லாமல்தான் காற்றில் போகின்றன. ஆகவே எண்களைப் பொறுக்குவது எளிது. அதனால்தான், மேக் பட்டியல் ஒன்றை மட்டும் நம்பி வாசலைக் காக்கும் நிர்வாகிகள்மேல் எனக்குப் பரிதாபமே தவிர மரியாதை இல்லை. ஆனால் பூட்டு சொத்தை என்பதால் திருடியது திருட்டு இல்லாமல் போகாது. அறைக்காரன் பாவம், தான் போகாத தளத்துக்கெல்லாம் வார்டனிடம் பதில் சொல்லிக்கொண்டு நிற்பான்.

சட்டத்தில் எனக்குத் தெரிந்த அளவு இது. 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 43ஆம் பிரிவில், உரிமையாளரின் அனுமதியில்லாமல் கணினியிலோ வலையமைப்பிலோ நுழைவதைச் சொல்கிறது. அதையே நேர்மையற்ற நோக்கத்தோடு செய்தால் 66ஆம் பிரிவின்கீழ் மூன்றாண்டு வரை சிறை, அல்லது ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 66சி பிரிவு, பிறருடைய கடவுச்சொல்லையோ தனித்த அடையாளக் கூறையோ மோசடியாகப் பயன்படுத்துவதைப் பற்றியது. இரண்டிலும் கண் இருப்பது அனுமதியின்மேலும் நோக்கத்தின்மேலும். அமெரிக்காவில் ஆரன் ஸ்வார்ட்ஸ் வழக்கு இதற்கு நல்ல உதாரணம். 2010-11இல் எம்.ஐ.டி. வலையமைப்பு வழியாக ஜேஸ்டோர் என்ற ஆய்விதழ்க் களஞ்சியத்தின் கட்டுரைகளைப் பெருமளவில் இறக்கியவர் அவர். தடுக்கப்பட்டபோது மேக் எண்ணை மாற்றினார் என்று 2011 ஜூலையில் வந்த குற்றப்பத்திரிகை சொன்னது. எண்ணை மாற்றியதற்கென்று தனியாக ஒரு குற்றச்சாட்டு வைக்கப்படவில்லை. தடையைத் தெரிந்தே தாண்டினார் என்று காட்டத்தான் அது எடுத்துச் சொல்லப்பட்டது. கைபேசியின் ஐஎம்இஐ எண்ணை இதோடு போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள். அதைத் திருத்துவதை 2017ஆம் ஆண்டு விதிகளே தடை செய்தன, அவற்றுக்குப் பதிலாக 2024இல் வந்த விதிகளும் தடை செய்கின்றன. 2023ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டத்தில் தொலைத்தொடர்பு அடையாளங்களைத் திருத்துவதற்கு மூன்றாண்டு வரை சிறை, அல்லது 50 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் உண்டு. அந்தச் சட்டத்தில் 'அடையாளம்' என்பதற்குத் தந்துள்ள வரையறை அகலமானது. அதை நீதிமன்றம் எவ்வளவு தூரம் நீட்டும் என்பதை வழக்கறிஞரிடம் கேட்க வேண்டும். இங்கே நான் நிறுத்திக்கொள்கிறேன்.

உங்கள் மென்பொருளுக்கு வருவோம். விலை கூடிய வடிவமைப்பு மென்பொருள்கள் உரிமத்தை ஒரு கணினியின் மேக் எண்ணோடு கட்டுவது பழைய வழக்கம். கார்டு செத்தால் உரிமமும் செத்ததுபோல் ஆகிவிடும் என்பது விற்றவர்களுக்கும் தெரியும். ஒரு கணினிக்கு வாங்கினீர்கள், ஒரே கணினியில்தான் ஓடுகிறது, கார்டு மட்டும் மாறியது என்றால் உங்கள் மனசாட்சிக்குக் கணக்கு நேர். ஆனால் உரிம ஒப்பந்தம் மனசாட்சியைப் பார்த்து எழுதப்படுவதில்லை. சிலவற்றில் அடையாளத்தை மாற்றி அமைக்கக் கூடாது என்றே ஒரு வரி இருக்கும். ஒப்பந்தத்தை எடுத்துப் படியுங்கள். படித்தாலும் படிக்காவிட்டாலும் விற்றவருக்கு ஒரு மின்னஞ்சல் எழுதுங்கள்: இன்ன தேதியில் இடியால் கார்டு பழுதானது, தற்காலிகமாகப் பழைய எண்ணில் ஓட்டுகிறோம், புதிய கார்டின் எண்ணுக்கு உரிமத்தை மாற்றித் தாருங்கள் என்று. புதிய கார்டு வாங்கிய ரசீதையும் இணையுங்கள். பராமரிப்பு ஒப்பந்தம் நடப்பில் இருந்தால் பெரும்பாலும் செலவில்லாமல் மாற்றித் தருவார்கள். அந்த ஒரு மின்னஞ்சல் முதலாளியின் மகனுக்கும் பதில்: மறைக்கிறவன் எழுதிக் கொடுக்க மாட்டான். இதே எண்ணை இரண்டாவது கணினிக்கும் போட்டு ஒரே உரிமத்தில் இரண்டு இடத்தில் ஓட்ட முதலாளி ஆசைப்பட்டால், அதற்கு மட்டும் உடன்படாதீர்கள். அது உரிம மீறல். இரண்டும் ஒரே சுவிட்சில் இருந்தால் மேலே சொன்ன ஊமை விளையாட்டும் கூடவே வரும்.

நிலைக்குமா என்ற கேள்விக்கு: விண்டோஸில் டிவைஸ் மேனேஜரில், கார்டின் 'அட்வான்ஸ்டு' பக்கத்தில் 'நெட்வொர்க் அட்ரஸ்' என்ற இடத்தில் எழுதியிருந்தால் கணினியை நிறுத்தித் தொடங்கினாலும் நிற்கும். விண்டோஸைப் புதிதாக நிறுவினால் போய்விடும். டிரைவரை நீக்கி நிறுவினாலோ கார்டை வேறு ஸ்லாட்டில் மாட்டினாலோ பெரும்பாலும் போய்விடும். லினக்ஸில் கட்டளை கொடுத்து மட்டும் மாற்றியிருந்தால் அடுத்த முறை தொடங்கும்போதே பழையபடி ஆகிவிடும், அமைப்புக் கோப்பில் எழுதி வைக்க வேண்டும். கேபிள் கார்டுக்குப் பதில் யுஎஸ்பி வைஃபை வாங்கிச் சமாளிக்கலாம் என்று நினைத்தால், விண்டோஸில் பல வைஃபை டிரைவர்கள் இரண்டாவது இலக்கம் 2, 6, ஏ, ஈ ஆக இல்லாத எண்ணை ஏற்காது. பழைய கார்டின் எண் அங்கே ஏறாமல் போகலாம். இன்னொரு சந்தேகமும் உண்டு. இப்போது உங்கள் மென்பொருள் டிரைவர் சொல்லும் எண்ணைக் கேட்டுத் திருப்தியடைகிறது. சிப்பில் எழுதிய எண்ணையே கேட்டு வாங்கும் வழியும் விண்டோஸில் இருக்கிறது. அடுத்த பதிப்பு அப்படிக் கேட்டால் ஒரு நாள் காலையில் திறக்காது. மின்னஞ்சலைத் தள்ளிப் போடாதீர்கள் என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

அதுவரை, ஐபிகான்ஃபிக் கட்டளையை 'ஆல்' சேர்த்துக் கொடுத்து, 'பிசிக்கல் அட்ரஸ்' வரியில் வரும் எண்ணை இருப்புப் பதிவேட்டில் எழுதுங்கள். புதிய கார்டின் உறையில் அச்சிட்டிருக்கும் சொந்த எண்ணையும் மாற்றிய தேதியையும் பக்கத்திலேயே குறியுங்கள். பழைய கார்டைப் பழைய இரும்புக்காரரிடம் முழுதாகப் போடாதீர்கள். பாதி உயிர் இருந்து யாராவது எடுத்து உங்கள் ஆலையிலேயே வேறு கணினியில் செருகிவிடக்கூடும். போர்ட்டை இடுக்கியால் நசுக்கிவிட்டுப் போடுங்கள்.